சித்தப்பாவின் டிராக்டர் கனவும் 31 மணி நேரமும்

போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், ஆவடியிலிருந்து சித்தப்பா போன் செய்தார்.

“ஒரு டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன். நீயும் கூட வாம்மா. பத்திரிகையில எழுதுற பொண்ணுன்னு சொன்னா, விலை சொல்றப்போ கொஞ்சமாவது யோசிப்பாங்க.”

சித்தப்பாவுக்கு வயது 64. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருவள்ளூரைத் தாண்டி, ஊத்துக்கோட்டை போகும் வழியில் நாலரை ஏக்கர் தோப்பு வைத்திருக்கிறார். பாதி மா, பாதி தென்னை. ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருந்துகொண்டு, வெளியே நிலம் வாங்கிப் போட்டிருக்கும் எல்லோருக்கும் தெரிந்த தலைவலிதான் இது. வாங்கும்போது நிலம். மழை முடிந்து போய்ப் பார்த்தால் காடு.

“புல்லு வெட்ட ஆள் கிடைக்கல. கிடைச்சாலும் நாலு நாள் வர்றாங்க, அஞ்சாவது நாள் போனை எடுக்க மாட்டேங்குறாங்க. சொந்தமா ஒரு டிராக்டர் இருந்தா நிம்மதி” என்றார்.

காரணம் அது மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். தாத்தா அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாடு கட்டி உழுதவர். சித்தப்பா சின்னப் பையனாக இருந்தபோது ரோட்டில் டிராக்டர் போனால் பின்னாலேயே ஓடுவாராம். அந்தப் பையன்தான் ஓய்வூதியப் பணத்தில் ஆறு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு போன் செய்தான்.

ஷோரூமில் நடந்தது

நம் பகுதிக்கும் டிராக்டருக்கும் உறவு பழையது. 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் தொழிற்சாலை செம்பியத்தில் இருக்கிறது. டிராக்டருக்கு டீசல் எஞ்சின் செய்யும் சிம்சனும் அங்கேதான். 1840-ல் சென்னையில் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி அது. பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா டிராக்டருக்குச் சக்கரம் செய்கிறது. எஞ்சினும் சக்கரமும் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, எந்த டிராக்டரை வாங்குவது என்று தெரியாமல் நானும் சித்தப்பாவும் ஷோரூம் வாசலில் நின்றோம்.

எந்தக் கடை என்பது வேண்டாம். விற்பனையாளர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை ஏக்கர் சார்?” இரண்டாவது கேள்வி, “லோன் வேணுமா, ரொக்கமா?” உடனே 45 குதிரைசக்தி டிராக்டர் ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். “பெருசா எடுத்துட்டா பின்னாடி கவலையே இல்ல சார்.”

சித்தப்பா ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தார். எனக்குப் பகீரென்றது. அட்வான்ஸ் கொடுத்துவிடுவார் போலிருந்தது. “நிலத்தை ஒரு தடவை அளந்து பார்த்துட்டு வந்துடலாம் சித்தப்பா” என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

கிணறு எங்கே இருக்கிறது?

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டிராக்டர் வரப்போகிறது என்றதும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“வரட்டும் சார். மூலையில ஒரு பாழுங்கிணறு இருக்கே, அது எந்த இடம்னு ஓட்டறவனுக்கு யாரு காட்டுவா?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போர் போட்ட பிறகு அந்தக் கிணற்றை எல்லோரும் மறந்தே போயிருந்தோம். பெரியவர் நீளமான மூங்கில் கழியால் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். பத்தடி தூரத்தில் நின்றும் எங்களுக்குக் கிணறு தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் கிடையாது. விளிம்பு வரை கோரையும் நாயுருவியும் மூடியிருந்தன. டிராக்டர் ஓட்டுபவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதுவும் புல்தரைதான்.

அன்றைக்கு முழுக்க நடந்தோம். கிணறு ஒன்று. பழைய மின் கம்பத்தின் ஸ்டே கம்பி ஒன்று. வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டைகள் ஏழு. அறுந்து விழுந்த முள்கம்பி. சொட்டுநீர்க் குழாய். நில அளவைக் கற்கள் மூன்று. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டினோம்.

இதில் அளவைக் கல்லை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. டிராக்டர் ஒரு இடி இடித்தால் கல் பெயர்ந்துவிடும். நாளைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் எல்லையைப் பற்றிப் பேச்செடுத்தால், சர்வேயருக்குப் பணம் கட்டி மறுபடி அளக்க வேண்டியதுதான்.

எந்த மெஷின் வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும், முதல் வேலை இந்த நடைதான். கூடவே ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள். மரத்துக்கு மரம் எத்தனை அடி, தாழ்ந்த கிளை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, கேட் எத்தனை அடி அகலம் என்று மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 45 குதிரைசக்தி டிராக்டர் கிட்டத்தட்ட ஆறு அடி அகலம் வரும். மரங்களுக்கு நடுவே ஓட்டுவதற்கென்றே செய்யும் குறுகிய டிராக்டர்கள் மூன்றரை, நான்கு அடிக்குள் அடங்கிவிடும்.

முதலில் கருவி, பிறகு டிராக்டர்

நாங்கள் செய்யவிருந்த தப்பு, டிராக்டரை முதலில் பார்த்ததுதான். டிராக்டர் தானாகப் புல் வெட்டாது. பின்னால் மாட்டும் கருவிதான் வேலை செய்யும். அதனால் கருவியை முடிவு செய்துவிட்டு, அதை இழுக்க எத்தனை குதிரைசக்தி வேண்டும் என்று பார்ப்பதே சரி.

பிரஷ் கட்டர்: தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுவது. வேலி ஓரம், மரத்தடி, கிணற்றைச் சுற்றி என்று டிராக்டர் போக முடியாத இடத்துக்கு இது கட்டாயம் வேண்டும். மெல்லிய புல்லுக்கு நைலான் நரம்பு, தடித்த களைக்கும் புதருக்கும் பிளேடு. டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அந்த வேலை இல்லை. ஒரு ஏக்கருக்கும் குறைவான இடம் என்றால் இது ஒன்றே போதும்.

லான் மோவர்: கையால் தள்ளிக்கொண்டு போவது. வீட்டு முன்னால் இருக்கும் சமமான புல்தரைக்குத்தான் லாயக்கு. தோப்பில் இறக்கினால் முதல் கல்லிலேயே நின்றுவிடும்.

ரொட்டவேட்டர்: மண்ணைக் கிளறிப் புல்லை உள்ளே தள்ளிவிடும். பார்க்க அழகாக இருக்கும். பயிர் வைக்கப் போகிறவர்களுக்கு நல்லது. தோப்பில் வருஷத்துக்கு நான்கு முறை ஓட்டினால், மேல்மண்ணில் ஓடும் மாவின், தென்னையின் சல்லிவேர்கள் அறுபடும். அடியில் கிடந்த களை விதை மேலே வந்து, அடுத்த மழைக்கு முளைக்கும்.

ரோட்டரி ஸ்லாஷர்: மண்ணைத் தொடாமல் புல்லை மட்டும் வெட்டிப் போடும். வெட்டிய புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து ஈரத்தைக் காக்கும். புல்லை அடக்கி வைத்தால் போதும் என்பவர்களுக்கு இதுதான் சரியான கருவி. நம்மூரில் ரொட்டவேட்டர் அளவுக்கு இது பழக்கமில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஸ்லாஷருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வெட்டும் அகலத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஐந்து குதிரைசக்தி. நாலடி ஸ்லாஷர் என்றால் 20 குதிரைசக்தி. கவனியுங்கள், இது பின்பக்கம் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைக்க வேண்டிய சக்தி. எஞ்சின் சக்தியில் பத்து முதல் பதினைந்து சதவீதம் அங்கே வந்து சேர்வதற்குள் குறைந்துவிடும். ஆக 24 குதிரைசக்தி எஞ்சின் போதும். சித்தப்பாவின் நாலரை ஏக்கருக்கு 45 குதிரைசக்தி என்பது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி எடுப்பது மாதிரி.

ஒரு நோட்டுப் புத்தகம்

“சரி, 24 குதிரைசக்தியே வாங்கிடலாம்” என்றார் சித்தப்பா, விடாமல்.

“ஒரு வருஷம் வாடகைக்கு ஓட்டிப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு எழுதி வைங்க. அடுத்த பொங்கலுக்கு நானே கூட வந்து வாங்கித் தர்றேன்” என்றேன். அரை மனசாகச் சம்மதித்தார்.

தை மாதம் வாடகைக்கு வந்த டிராக்டரில் ரொட்டவேட்டர்தான் இருந்தது. 10 மணி நேரம். முதல் கோடை மழைக்கே களை இரண்டு மடங்காக வந்தது. பாடம் கற்றுக்கொண்டு நாலடி ஸ்லாஷர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அதுதான் அந்த வருஷத்தின் நல்ல முடிவு. மூன்று முனை இணைப்பும், நிமிஷத்துக்கு 540 சுற்று சுழலும் பி.டி.ஓ. தண்டும் உள்ள டிராக்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதை மாட்டிக்கொள்ளலாம். கருவி நம்முடையது, இழுக்கும் டிராக்டர் வாடகை.

பங்குனியில் 7 மணி நேரம். காய்ந்த புல்லில் ஒரு பீடித் துண்டு விழுந்தால் தோப்பே போய்விடும் என்பதால், வேலியை ஒட்டிப் பத்தடி அகலத்துக்குக் கொத்துக் கலப்பையால் உழுது வெறும் மண்ணாக விட்டதும் இதில் சேரும். ஆடியில் 6 மணி நேரம். மழைக்கு முன்னால் புரட்டாசியில் 8 மணி நேரம்.

மொத்தம் 31 மணி நேரம். மணிக்கு 1,100 ரூபாய் கொடுத்தார், டிரைவரும் டீசலும் சேர்த்து. ஆக 34,100 ரூபாய்.

இந்தப் பொங்கலுக்கு அந்த நோட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். டிராக்டரும் கருவியும் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டோம். பத்து வருஷம் கழித்து இரண்டரை லட்சத்துக்கு விற்றால், வருஷத்துக்கு 35,000 ரூபாய் தேய்மானம். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், பேட்டரிக்கு 10,000. மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல். டிரைவர் கூலி தனி.

இத்தோடு முடியவில்லை. அந்த 6 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டி. வருஷத்துக்கு 49,200 ரூபாய். டிராக்டர் ஷெட்டில் நின்றால் அந்த வட்டி கிடையாது.

கூட்டிப் பார்த்தால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு 94,000 ரூபாய்க்கு மேல். அதற்கு ஈடாக வேண்டுமென்றால் டிராக்டர் வருஷத்துக்குச் சுமார் 130 மணி நேரமாவது ஓட வேண்டும். சித்தப்பாவின் கணக்கில், புல் வெட்ட மட்டும் என்றால் அது கிட்டத்தட்ட 19 ஏக்கர். இவை எங்கள் எண்கள். உங்கள் ஊர் வாடகையையும் விலையையும் போட்டுப் பாருங்கள். வழி இதுதான்.

வாடகைக்கு எடுக்கத் தனியாரை மட்டும் நம்ப வேண்டியதில்லை. தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டரை வாடகைக்கு விடுகிறது, தனியார் வாடகையைவிடக் கட்டணம் குறைவு. ‘உழவன்’ செயலி வழியாகவே பதிவு செய்யலாம். அவசரத்துக்குக் கிடைக்காமல் போகலாம். நாற்று நடவு மாதிரி இல்லை, புல் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளும்.

அப்படியும் வாங்கத்தான் போகிறீர்களா?

பத்து, இருபது ஏக்கர் வைத்திருப்பவர்கள், பயிரும் செய்பவர்கள், பக்கத்து நிலத்துக்கு வாடகைக்கு ஓட்டத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அவர்களுக்குச் சில குறிப்புகள்.

2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

வேளாண் கருவிகளுக்கு அரசு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்குச் சதவீதம் கூடுதல். வாங்கிவிட்டு மானியம் கேட்க முடியாது. முதலில் விண்ணப்பம், பிறகுதான் பில்.

களிமண் நிலம், ஏரிப் பாசன நிலம் என்றால் நான்கு சக்கர இயக்கம் உள்ளதைப் பாருங்கள். மழைக்குப் பிறகு இரண்டு சக்கர இயக்கம் சிக்கிக்கொள்ளும். சர்வீஸ் செய்யும் இடம் தோப்பிலிருந்து எத்தனை கிலோமீட்டர், மெக்கானிக் நிலத்துக்கே வருவாரா என்று கேளுங்கள். குதிரைசக்தியைவிட இந்தக் கேள்வி முக்கியம்.

பழைய டிராக்டர் வாங்குவதானால் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கும் வண்டி எதையோ மறைக்கிறது.

கைகாலுக்கு ஈடு இல்லை

பி.டி.ஓ. தண்டு சுழலும்போது வேட்டி, துண்டு, புடவைத் தலைப்பு, துப்பட்டா எது பட்டாலும் கண் இமைக்கும் நேரத்தில் ஆளையே இழுத்துவிடும். தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை ‘தொந்தரவு’ என்று பலர் கழற்றி எறிகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஏதாவது சிக்கினால் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும்.

சீட்டுக்குப் பின்னால் வளைவுக் கம்பி இருக்கும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் நசுங்காமல் காப்பது அதுதான். அது உள்ள வண்டியில் சீட் பெல்ட்டும் போட வேண்டும். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், பேரக்குழந்தை எத்தனை அழுதாலும் சரி.

ஸ்லாஷரும் பிரஷ் கட்டரும் கல்லை வீசி எறியும். பிரஷ் கட்டர் ஓடும்போது சுற்றி ஐம்பது அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஸ்லாஷருக்கு இன்னும் தள்ளியே நில்லுங்கள். எங்கள் தோப்பிலேயே ஒரு கல் பறந்து வந்து பெரியவரின் முழங்காலுக்குக் கீழே பட்டது. மூன்று தையல். கண்ணில் பட்டிருந்தால்? அன்றைக்கே கண்ணாடியும் முழங்கால் வரை வரும் கம்பூட்டும் வாங்கினோம். கம்பூட் பாம்புக்கும் ஆகும்.

என்ன வாங்கினார் சித்தப்பா?

கணக்கு முடிந்ததும் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. நோட்டை மூடி வைத்தார். எனக்கே மனசு கேட்கவில்லை. கணக்கில் எல்லாவற்றையும் போட்டோம், ரோட்டில் டிராக்டருக்குப் பின்னால் ஓடிய பையனைப் போட இடமில்லை.

“வாங்குங்க சித்தப்பா. உங்க காசு, உங்க ஆசை. நஷ்டம்னு தெரிஞ்சே செலவு பண்றதுக்கு நமக்கு உரிமை இல்லையா?” என்றேன்.

அவர் சிரித்தார். “முதல்ல கிணத்துக்குச் சுவர் கட்டணும். பசங்க லீவுக்கு வருவாங்க” என்றார்.

மாசி பிறப்பதற்குள் கிணற்றைச் சுற்றி நாலடிச் சுவர் எழும்பி, மேலே இரும்பு வலையும் போட்டாயிற்று. மீதிப் பணம் அஞ்சலகத்துக்குப் போனது.

போன வாரம் வாடகை டிராக்டர் வந்திருந்தது. வேலை முடிந்ததும் டிரைவர் தம்பி ஸ்லாஷரைக் கழற்றி வைத்துவிட்டு, “ஐயா, ஒரு ரவுண்டு போறீங்களா?” என்று கேட்டார். கிளட்ச், பிரேக் எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்றுகொண்டார். சித்தப்பா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தென்னைக்கு நடுவே இருக்கும் சமதரையில் முதல் கியரில் மெதுவாக ஒரு சுற்று வந்தார். இறங்கி வந்து, நேரே நோட்டை எடுத்துப் புது வருஷத்துக் கணக்கில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

‘நானே ஓட்டியது: 10 நிமிஷம்.’